2020ல் டிரம்ப்பை எதிர்த்து யார்? இடைக்காலத் தேர்தல் முடிந்த கையோடு ஒரு விவாதம்

ஏரிக்கரை (மிச்சிகன்), 2018 நவம்பர் 18

ஃபுளோரிடாவில் மறு எண்ணிக்கையும் முடிந்துவிட்டது. கலிஃபோர்னியாவில் ஒன்றிரண்டு தொகுதிகள்தான் பாக்கி. பிரதிநிதிகள் சபை ஜனநாயகக் கட்சியின் கைக்கு வந்துவிட்டது. செனட்டில் வடக்கு டகோட்டா, மிசௌரி, இண்டியானா, ஃபுளோரிடா நான்கையும் இழந்து, அரிசோனாவையும் நெவாடாவையும் பிடித்திருக்கிறார்கள். இனி எல்லோரும் பேசப்போவது 2020 பற்றித்தான்.

பெயர்களுக்குப் போவதற்கு முன் நான் வசிக்கும் மாநிலத்தின் கணக்கை வைத்துவிடுகிறேன். 2016ல் மிச்சிகனை டிரம்ப் வென்றது 10,704 வாக்குகளில். விஸ்கான்சினில் சுமார் 23,000, பென்சில்வேனியாவில் சுமார் 44,000. மூன்றையும் கூட்டினாலும் 80,000 வராது. ஜனாதிபதியை முடிவு செய்வது மாநிலவாரியான தேர்வாளர் வாக்குகள். இந்த மூன்று மாநிலங்களின் 46 தேர்வாளர் வாக்குகள்தான் அவரை வெள்ளை மாளிகைக்கு அனுப்பின. நாடு முழுக்கப் பார்த்தால் ஹிலரி கிளிண்டன் 28 லட்சத்துக்கும் மேல் கூடுதலாக வாங்கினார், பயனில்லை.

மிச்சிகன் ஏன் போனது என்று கேட்டால் இரண்டு பதில்கள் வரும். ஒன்று மெக்கோம்ப் கவுன்ட்டி (நம் மாவட்டம் போன்றது). டெட்ராய்ட்டுக்கு வடக்கே, கார்த் தொழிற்சாலைக் குடும்பங்கள் நிறைந்த இடம். ஒபாமாவை இரண்டு முறையும் ஆதரித்த அந்த கவுன்ட்டி, டிரம்ப்புக்கு 48,000 வாக்கு முன்னிலை கொடுத்தது. இன்னொன்று வெய்ன் கவுன்ட்டி, டெட்ராய்ட் நகரம் இருக்கும் இடம். 2012ல் ஒபாமா வாங்கியதைவிட கிளிண்டனுக்கு அங்கே சுமார் 75,000 வாக்குகள் குறைந்தன. அவர்களில் பெரும்பாலோர் டிரம்ப்புக்குப் போடவில்லை, வாக்களிக்கவே வரவில்லை.

டிவியில் பேசுபவர்கள் ஏதாவது ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். வெள்ளைத் தொழிலாளியிடம் பேசத் தெரிந்தவர் வேண்டும் என்கிறார் ஒருவர், கறுப்பின வாக்காளர்களை வெளியே கொண்டுவருபவர் வேண்டும் என்கிறார் இன்னொருவர். என் வாதம், இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும் என்பது. அது நடக்கக்கூடியதுதான் என்று இந்த மாதமே பார்த்தோம். ஆளுநர் தேர்தலில் கிரெட்சன் விட்மர் ஒன்பது சதவீதத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். டெட்ராய்ட்டும் வந்தது, மெக்கோம்பும் வந்தது. அவர் ஊர் ஊராகப் போய்ப் பேசியது டிரம்ப்பைப் பற்றி அல்ல, குண்டும் குழியுமான சாலைகளைப் பற்றி.

என் மனதில் முதலில் இருப்பவர் ஒஹாயோவின் செனட்டர் ஷெரட் பிரௌன். பிறகு முன்னாள் துணை ஜனாதிபதி பைடன், மின்னசோட்டா செனட்டர் குளோபஷார், கலிஃபோர்னியா செனட்டர் கமலா ஹாரிஸ். உங்கள் வரிசையைச் சொல்லுங்கள், காரணத்தோடு.

செம்மண் (ஆஸ்டின், டெக்சாஸ்), நவம்பர் 18

அண்ணா, உங்கள் பட்டியலில் பெர்னி சாண்டர்ஸ் இல்லாதது எப்படி? 2016 மார்ச்சில் இதே மிச்சிகனில், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி வாக்கெடுப்பில், கருத்துக்கணிப்புகள் எல்லாம் கிளிண்டன் இருபது சதவீதம் முன்னிலை என்று சொன்னபோது ஜெயித்துக் காட்டியவர் அவர். விஸ்கான்சின் பிரைமரியையும் வென்றார். கிளிண்டனோ கட்சி வேட்பாளரான பிறகு விஸ்கான்சினுக்கு ஒருமுறைகூடப் போகவில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். மூன்று வருடத்துக்கு முன் எல்லோருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு என்றால் சிரித்தார்கள். போன செப்டம்பரில், அதாவது 2017ல், அவர் கொண்டுவந்த மசோதாவில் பதினாறு செனட்டர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள். ஹாரிஸ், வாரன், புக்கர், ஜில்லிபிராண்ட் எல்லோரும் அதில் உண்டு. போன மாதம் அமேசான் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 15 டாலர் ஆக்கியது. அதற்கு நெருக்கடி கொடுத்தவர் யார்? ஐடஹோ, நெப்ராஸ்கா, யூட்டா மூன்றும் பழுத்த குடியரசுக் கட்சி மாநிலங்கள். அங்கேயே ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் விரிவாக்கத்தை மக்கள் நேரடி வாக்கெடுப்பில் நிறைவேற்றியிருக்கிறார்கள். மக்கள் கொள்கையில் கட்சிக்கு முன்னால் போய்விட்டார்கள். கொள்கையை முதலில் சொன்னவரை விட்டுவிட்டுப் பின்னால் வந்தவர்களைத் தேடுவது நியாயமில்லை.

தென்றல் (அட்லாண்டா புறநகர்), நவம்பர் 19

செம்மண் தம்பி, பெர்னி சொல்வதில் எனக்கும் முக்கால்வாசி சம்மதம். ஆனால் தென் கரோலினா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கே ஜனநாயகக் கட்சி பிரைமரியில் வாக்களிப்பவர்களில் பத்துக்கு ஆறு பேர் கறுப்பினத்தவர்கள். 2016ல் கிளிண்டனுக்கு 73 சதவீதம், பெர்னிக்கு 26. அங்கிருந்து ஆரம்பித்துத் தெற்கு முழுக்க அதே கதைதான். நியூ ஹாம்ப்ஷயரில் 60 சதவீதம் வாங்கி என்ன செய்வது?

இங்கே ஜார்ஜியாவில் நடந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஆளுநர் தேர்தலில் ஸ்டேசி ஏப்ரம்ஸ் சுமார் 55,000 வாக்குகளில் பின்தங்கினார். எதிர் வேட்பாளர் பிரையன் கெம்ப்தான் தேர்தலை நடத்தும் மாநிலச் செயலாளராகவும் இருந்தார். பெயரில் ஒரு எழுத்து, ஒரு கோடு மாறினாலும் பதிவை நிறுத்திவைக்கும் விதியால் 53,000 விண்ணப்பங்கள் கிடப்பில் இருந்தன, பெரும்பாலும் கறுப்பின மக்களுடையவை. வெள்ளிக்கிழமை ஏப்ரம்ஸ் போட்டியை முடித்துக்கொண்டார், ஆனால் தோல்வியை ஒப்புக்கொள்ள மறுத்துவிட்டார். அந்தப் பேச்சை முழுதாகக் கேளுங்கள்.

நாங்கள் இருக்கும் ஆறாவது தொகுதியில் லூசி மெக்பாத் ஜெயித்தார். துப்பாக்கிச் சூட்டில் மகனைப் பறிகொடுத்த தாய். ஒரு காலத்தில் குடியரசுக் கட்சியின் முன்னாள் சபாநாயகர் நியூட் கிங்ரிச் வைத்திருந்த தொகுதி இது. பக்கத்து ஏழாவது தொகுதியில் ஜனநாயகக் கட்சி 500க்கும் குறைவான வாக்குகளில் கோட்டைவிட்டது. அங்கே எத்தனை இந்தியக் குடும்பங்கள் இருக்கின்றன என்று யோசித்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால் நான் சொல்வது, ஏரிகளைச் சுற்றியுள்ள மூன்று மாநிலங்களை மட்டும் பார்க்காதீர்கள். அரிசோனா செனட் போட்டியில் கிர்ஸ்டன் சினிமா ஜெயித்திருக்கிறார். ஜார்ஜியா ஒன்றரை சதவீதம் தள்ளி நிற்கிறது. யார் வேட்பாளரானாலும் கறுப்பினப் பெண்கள் மனமுவந்து வேலை செய்யும் ஆளாக இருக்க வேண்டும். வீடு வீடாகக் கதவு தட்டுபவர்கள் அவர்கள்தான்.

மன்னை (மன்னார்குடி), நவம்பர் 19

இங்கிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் பக்கத்துத் துளசேந்திரபுரம்தான் கமலா ஹாரிஸின் தாத்தா பி.வி. கோபாலனின் பூர்வீகம். அம்மா சியாமளா கோபாலன் பெர்க்லியில் மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சி செய்தவர். கமலா ஜனாதிபதி ஆனால் எங்களுக்கெல்லாம் பெருமைதான். அவருக்கு வாய்ப்பு உண்டா?

கணக்கர் (எடிசன், நியூ ஜெர்சி), நவம்பர் 19

வாய்ப்பு உண்டு. ஆனால் ஊர்ப் பாசத்தை ஒதுக்கிவைத்துவிட்டு விதிகளைப் பார்த்தால்தான் எவ்வளவு வாய்ப்பு என்று புரியும். இந்தமுறை மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது நாள்காட்டி. 2020 பிப்ரவரி 3 அயோவா, 11 நியூ ஹாம்ப்ஷயர், 22 நெவாடா, 29 தென் கரோலினா. இது பழைய வரிசைதான். ஆனால் வழக்கமாக ஜூனில் வரும் கலிஃபோர்னியா இந்தமுறை மார்ச் 3க்கு நகர்ந்துவிட்டது, டெக்சாஸோடு ஒரே நாளில். கட்சி மாநாட்டில் வேட்பாளரை முடிவு செய்யும் பேராளர்கள் கலிஃபோர்னியாவுக்கு மட்டும் 400க்கும் மேல். தபால் வாக்குச் சீட்டுகள் அயோவா நடக்கும்போதே அங்கே வீடுகளுக்குப் போய்விடும். அந்த மாநிலத்தின் செனட்டரான ஹாரிஸுக்கு இது பெரிய வரம். சொந்த மாநிலத்தில் சறுக்கினால் அதே அளவு அடியும் விழும்.

இரண்டாவது, ஆகஸ்டில் சிகாகோவில் கட்சி எடுத்த முடிவு. சூப்பர் டெலிகேட்டுகள், அதாவது மக்கள் தேர்ந்தெடுக்காமல் பதவியின் பேரில் மாநாட்டுக்கு வரும் தலைவர்கள், போட்டி முடிவாகாத நிலையில் முதல் சுற்றில் வாக்களிக்க முடியாது. செம்மண் போன்றவர்கள் 2016ல் கேட்டது இதைத்தான், கிடைத்துவிட்டது.

மூன்றாவது மாறாத விதி, ஆனால் இந்தமுறைதான் அது கடிக்கும். ஒரு மாநிலத்திலோ தொகுதியிலோ 15 சதவீதம் எட்டாதவருக்குப் பேராளர்களே கிடையாது. எட்டியவர்கள் விகிதப்படி பங்கு போட்டுக்கொள்வார்கள். குடியரசுக் கட்சியில் பல மாநிலங்களில் முதலிடம் வந்தவருக்கே எல்லாம் அல்லது பெரும்பங்கு. அதனால்தான் 2016ல் டிரம்ப் மூன்றில் ஒரு பங்கு வாக்கோடு முன்னால் ஓட முடிந்தது. இங்கே அப்படி ஓட முடியாது. இருபது பேர் நின்றால் பலர் 12, 13 சதவீதத்தில் காணாமல் போவார்கள். எல்லா இடத்திலும் 15ஐத் தாண்டக்கூடியவர், அதாவது எல்லாத் தரப்பிலும் கொஞ்சமாவது ஆதரவு இருப்பவர்தான் ஜூன்வரை நிலைப்பார். ஏரிக்கரை சொன்ன அதே இடத்துக்குத்தான் விதியும் நம்மைக் கொண்டுவந்து நிறுத்துகிறது.

செம்மண், நவம்பர் 20

கணக்கர் சார், அந்த மூன்றாவது விதி பெர்னிக்குத்தான் சாதகம். அவருக்கு எந்த மாநிலத்திலும் 15க்குக் கீழே போகாத ஆதரவு இருக்கிறது.

என் சொந்த மாநிலத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. பெட்டோ ஒரோர்க் டெக்சாஸின் 254 கவுன்ட்டிகளுக்கும் போனார். பெருநிறுவனக் குழுக்களிடம் ஒரு டாலர் வாங்காமல் மூன்றே மாதத்தில் 3.8 கோடி டாலர் திரட்டினார். டெட் குரூஸிடம் தோற்றது 2.6 சதவீதத்தில். டெக்சாஸில் இவ்வளவு நெருக்கமான செனட் போட்டி என் நினைவில் கிடையாது. அவர் இழுத்துவந்த கூட்டத்தால் டாலஸிலும் ஹூஸ்டனிலும் இரண்டு நாடாளுமன்றத் தொகுதிகள் கைமாறின, மாநிலச் சபையில் பன்னிரண்டு இடங்கள் கூடின. லிங்கன்கூட 1858ல் செனட் போட்டியில் டக்ளஸிடம் தோற்றுத்தான் 1860ல் ஜனாதிபதி ஆனார்.

ஏரிக்கரை, நவம்பர் 20

பெட்டோவின் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி குரூஸ்மேல் நாடு முழுக்க இருந்த வெறுப்பில் வந்தது. அது அயோவாவில் புக்கரையும் ஹாரிஸையும் எதிர்த்து நிற்கும்போது வருமா? தவிர, வெள்ளை மாளிகையில் அனுபவமே இல்லாத ஒருவர் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். மூன்று முறை நாடாளுமன்ற உறுப்பினர் என்பது போதாது என்றே நினைக்கிறேன்.

பனங்காடு (டொரன்டோ), நவம்பர் 22

வெளியிலிருந்து பார்க்கிற ஒருவனின் கேள்வி. கனடாவில் தேர்தல் பிரசாரம் ஆறு ஏழு கிழமையில் முடிந்துவிடும். இங்கே இரண்டு வருடத்துக்கு முன்னமே ஏன் கதைக்கத் தொடங்குகிறீர்கள்?

கணக்கர், நவம்பர் 22

பணமும் ஆட்களும் தான் காரணம். அயோவாவில் வேலை தெரிந்த களப்பணியாளர்கள் கொஞ்சம் பேர்தான், அவர்களை முதலில் யார் பிடிக்கிறார்கள் என்பதே ஒரு போட்டி. அங்கே நடக்கும் காகஸ் என்பது வாக்குப் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வருவது அல்ல. குளிர்காலத்து இரவில் பள்ளிக்கூடத்துக்கோ தேவாலயத்துக்கோ போய், எல்லோர் முன்னிலும் தன் வேட்பாளர் பக்கம் நிற்க வேண்டும். அதற்கு ஆளைச் சம்மதிக்க வைக்க ஒரு வருடம் பழக வேண்டும். ஜிம்மி கார்ட்டர் 1974 டிசம்பரில், இடைக்காலத் தேர்தல் முடிந்த அடுத்த மாதமே அறிவித்தார். அப்போது ஜார்ஜியாவுக்கு வெளியே அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. அயோவாவில் வீடு வீடாகத் தங்கித்தான் மேலே வந்தார். ஒபாமா அறிவித்தது 2007 பிப்ரவரியில். மேரிலாண்டின் ஜான் டெலனி இந்தமுறை போன வருடம் ஜூலையிலேயே அறிவித்துவிட்டு அயோவா முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு இங்கே வாக்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். ஒரு நாட்டுக்கு ஏழு சதவீதம் என்ற உச்சவரம்பு இந்தியர்களைத்தான் நசுக்குகிறது. அதை நீக்க இந்த வருடம் முன்னால் நின்று உழைத்தவர் கான்சஸின் குடியரசுக் கட்சி உறுப்பினர் கெவின் யோடர். அவர் இந்தத் தேர்தலில் ஷெரிஸ் டேவிட்ஸிடம் தோற்றுவிட்டார். டேவிட்ஸ் நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் இரண்டு பழங்குடிப் பெண்களில் ஒருவர், அவர் வென்றதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் ஜனநாயகக் கட்சி வேட்பாளர்கள் குடியேற்றம் என்று பேசும்போது எல்லைச் சுவரோடு நின்றுவிடுகிறார்கள். எச்-4 விசாவில், அதாவது எச்-1பி ஊழியர்களின் துணைவராக, இருக்கும் பெண்களின் வேலை உரிமையைப் பறிக்கும் திட்டத்தை எதிர்த்து ஹாரிஸும் ஜில்லிபிராண்டும் எழுதினார்கள், அதை மறக்க மாட்டேன். மற்றவர்களும் வாயைத் திறக்க வேண்டும்.

பனங்காடு, நவம்பர் 26

இன்றைக்கு எங்கள் பக்கம் பெரிய அடி. ஒஷாவாவில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையை மூடப்போகிறார்களாம். எங்கள் ஆட்கள் பலர் அங்கேயும் அதற்குச் சாமான் செய்து கொடுக்கிற சின்னக் கம்பனிகளிலும் இருக்கிறார்கள். ஏரிக்கரை அண்ணை, உங்கள் பக்கமும் மூடுகிறார்கள் போல இருக்கிறதே?

ஏரிக்கரை, நவம்பர் 26

ஆமாம் பனங்காடு. டெட்ராய்ட்-ஹம்ட்ராமிக் ஆலை, மெக்கோம்பில் வாரன் நகரத்தின் டிரான்ஸ்மிஷன் ஆலை, ஒஹாயோவில் லார்ட்ஸ்டவுன், மேரிலாண்டில் ஒன்று, உங்கள் ஒஷாவா. மொத்தம் 14,000 பேருக்கு மேல் வேலை போகும் என்கிறார்கள். நான் வேலை பார்ப்பதும் கார்த் துறையை நம்பிய ஒரு நிறுவனத்தில்தான். இன்று மதியத்துக்குப் பிறகு யாருக்கும் வேலை ஓடவில்லை.

இந்த ஊர்களின் பெயரைப் பாருங்கள். நான் ஆரம்பத்தில் சொன்ன இரண்டு கவுன்ட்டிகளிலும் ஆளுக்கு ஒன்று மூடுகிறது. ஹம்ட்ராமிக் ஆலையில் வேலை செய்யும் கறுப்பினத் தொழிலாளியும் வாரன் ஆலையில் வேலை செய்யும் வெள்ளைத் தொழிலாளியும் ஒரே யூனியன், ஒரே நாளில் ஒரே செய்தியைக் கேட்டிருக்கிறார்கள். அவர்களை இரண்டு தனித்தனி வாக்கு வங்கியாகப் பார்க்கும் ஆலோசகர்களை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

லார்ட்ஸ்டவுன் இருக்கும் டிரம்புல் கவுன்ட்டி 2012ல் ஒபாமா பக்கம், 2016ல் டிரம்ப் பக்கம். போன வருடம் ஜூலையில் டிரம்ப் பக்கத்து ஊரான யங்ஸ்டவுனுக்கு வந்து, வேலைகள் எல்லாம் திரும்பி வரும், வீட்டை விற்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நம்பி வீட்டை வைத்துக்கொண்டவர்கள் இன்று என்ன செய்வார்கள்?

ஷெரட் பிரௌனை நான் முதலில் வைத்ததற்கு இதுதான் காரணம். ஒஹாயோவில் மற்ற மாநிலப் பதவிகளைக் குடியரசுக் கட்சி அள்ளிக்கொண்டபோது அவர் மட்டும் ஆறு சதவீதத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றுக்குமான நாஃப்டா வர்த்தக ஒப்பந்தத்தை 1993ல் எதிர்த்தவர். உழைப்பின் மதிப்பு என்று பேசும்போது அதில் சமையல்காரரும் முதியோர் இல்லப் பணியாளரும் உண்டு, கார் ஆலையோடு நிறுத்துவதில்லை.

தென்றல், நவம்பர் 27

உங்கள் வலி புரிகிறது அண்ணா. பிரௌன் நல்ல மனிதர், கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகத் தொடர்ந்து பேசியவர். ஆனால் ஒரு சிக்கல். அவர் ஜனாதிபதி ஆனால் அந்த செனட் இடத்துக்கு ஆளை நியமிப்பவர் ஒஹாயோவின் புதிய ஆளுநர் மைக் டிவைன், குடியரசுக் கட்சி. செனட்டில் 47 இடங்களோடு உட்கார்ந்திருக்கும் கட்சி ஒரு இடத்தைத் தானே தூக்கிக் கொடுக்குமா? நீதிபதி நியமனங்கள் எல்லாம் செனட்டில்தானே நிற்கின்றன. உச்ச நீதிமன்ற நீதிபதியாகக் கவனாவின் நியமனத்தை இரண்டு வாக்கு வித்தியாசத்தில் முடித்தார்கள்.

கணக்கர், நவம்பர் 27

சரியான கேள்வி. எலிசபெத் வாரனுக்கும் இதே பிரச்சினை பாதி உண்டு. மாசசூசெட்ஸ் ஆளுநர் குடியரசுக் கட்சி, ஆனால் அங்கே சில மாதங்களுக்குள் சிறப்புத் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது.

வாரனைப் பற்றி நாம் பேசவே இல்லை. 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு நுகர்வோர் நிதிப் பாதுகாப்புக்குத் தனி அமைப்பு வேண்டும் என்று எழுதி, வாதாடி, 2010ல் சட்டமாக்க வைத்தவர். கடன் அட்டை, வீட்டுக் கடன், மாணவர் கடன் என்று சாதாரணக் குடும்பத்தின் கழுத்தை நெரிக்கும் விஷயங்களை அவரளவு தெரிந்தவர் இந்தப் பட்டியலில் யாரும் இல்லை. போன மாதம் மரபணுச் சோதனை முடிவை வெளியிட்டது தேவையில்லாத வேலை. செரோக்கி மக்களே அதைக் கண்டித்தார்கள். ஆனாலும் அவரை அதோடு முடித்துவிடக் கூடாது.

செம்மண், டிசம்பர் 5

பைடன் பேச ஆரம்பித்துவிட்டார். இந்தப் பதவிக்கு நாட்டிலேயே தகுதி அதிகம் உள்ளவர் நான்தான் என்று மொன்டானாவில் சொல்லியிருக்கிறார். 1988ல் ஒருமுறை, 2008ல் ஒருமுறை நிற்கப் பார்த்து, கட்சி வேட்பாளர்கூட ஆகாமல் போனவர். 1994 குற்றத் தடுப்புச் சட்டத்தை எழுதியவர். 1991ல் உச்ச நீதிமன்ற நியமனத்துக்கு வந்த கிளாரன்ஸ் தாமஸ்மேல் பாலியல் புகார் சொன்ன அனிடா ஹில்லை மோசமாக நடத்திய செனட் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். மீ டூ வந்த பிறகு, கவனா விசாரணையைப் பார்த்த பிறகு, அவரா?

தென்றல், டிசம்பர் 5

தம்பி, நீ சொல்லும் எல்லாம் உண்மை. எனக்கும் அனிடா ஹில் விஷயம் உறுத்துகிறது. ஆனால் எங்கள் பகுதியில் என்னோடு வாக்காளர் பதிவு வேலை செய்யும் மூத்த கறுப்பினப் பெண்களிடம் கேட்டுப் பார். ஒபாமாவின் பக்கத்தில் எட்டு வருடம் இரண்டாம் இடத்தில் நின்று, ஒருமுறைகூட அவரைக் காலை வாராத வெள்ளைக்காரர் என்பது அவர்களுக்குச் சாதாரண விஷயம் இல்லை. குற்றத் தடுப்புச் சட்டம் வந்த காலத்தில் தங்கள் தெருவில் நடந்த துப்பாக்கிச் சூடுகளும் அவர்களுக்கு நினைவிருக்கின்றன. இளைஞர்கள் வேறு மாதிரி நினைக்கிறார்கள், அதுவும் சரி. தென் கரோலினாவில் வரிசையில் நிற்பவர்களில் யார் அதிகம் என்பதுதான் கேள்வி.

கணக்கர், டிசம்பர் 16

நேற்று அயோவா கருத்துக்கணிப்பு வந்திருக்கிறது. பைடன் 32, சாண்டர்ஸ் 19, பெட்டோ 11, வாரன் 8, ஹாரிஸ் 5. இதை வைத்துக் குதிக்கவும் வேண்டாம், இடிந்துபோகவும் வேண்டாம். இந்த நேரத்தில் கணிப்பு காட்டுவது பெரும்பாலும் யார் பெயர் தெரியும் என்பதைத்தான். 2007 முழுக்க தேசியக் கணிப்புகளில் ஹிலரி கிளிண்டன்தான் முன்னிலை, வேட்பாளரானது ஒபாமா.

அப்புறம், கலிஃபோர்னியாவின் கடைசித் தொகுதியும் வந்துவிட்டது, மொத்தம் 40 இடங்கள் கூடியிருக்கின்றன. அதை வைத்து டிரம்ப் 2020ல் தோற்றுவிடுவார் என்று யாரும் நம்பிவிட வேண்டாம். 1994ல் 50க்கும் மேல் இழந்த பில் கிளிண்டன் 1996ல் ஜெயித்தார். 2010ல் 63 இழந்த ஒபாமா 2012ல் ஜெயித்தார்.

செம்மண், டிசம்பர் 16

ஏமி குளோபஷாரைப் பற்றி ஏரிக்கரை அண்ணா சொல்லவே இல்லையே, பட்டியலில் போட்டீர்களே?

ஏரிக்கரை, டிசம்பர் 17

மின்னசோட்டாவைக் கிளிண்டன் ஒன்றரை சதவீதத்தில்தான் காப்பாற்றினார். அதே மாநிலத்தில் இந்த மாதம் அல்ல, போன மாதம் குளோபஷார் 24 சதவீத வித்தியாசத்தில் வென்றார். அயோவாவுக்குப் பக்கத்து மாநிலம் வேறு. கவனா விசாரணையில் குரலை உயர்த்தாமல் கேட்ட கேள்விகள் நினைவிருக்கும். மெக்கோம்ப் அவருக்கு வரும் என்று நம்புகிறேன். டெட்ராய்ட் வருமா என்பதற்கு இன்னும் சான்று இல்லை, ஏனென்றால் அப்படிப்பட்ட நகரத்தில் அவர் நின்று ஜெயிக்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. புக்கருக்கு நேர்மாறு: நியூவார்க்கில் மேயராக இருந்தவர், டெட்ராய்ட்டில் இயல்பாகப் பேசுவார், மெக்கோம்பில் நியூ ஜெர்சி மருந்துக் கம்பெனிகளோடு இருந்த உறவைப் பற்றிக் கேட்பார்கள்.

தென்றல், டிசம்பர் 31

வருடக் கடைசி நாளில் வாரன் ஆரம்பித்துவிட்டார். ஜனாதிபதி தேர்தலில் நிற்பது பற்றிய ஆய்வுக் குழு அமைப்பதாகக் காணொளி வெளியிட்டிருக்கிறார். முதலில் இறங்கிய பெரிய பெயர். முழுதாகப் பார்த்தேன், நடுத்தரக் குடும்பம் எப்படிச் சரிந்தது என்பதை வரைபடம் போட்டு விளக்குகிறார். ஒரு கறுப்பினக் குடும்பத்துக்கு அந்தச் சரிவு இன்னும் மோசம் என்பதையும் தனியாகச் சொல்கிறார். இப்படிப் பேசுபவர் தெற்குக்கு வந்து உட்கார்ந்து பேசினால் கேட்பார்கள்.

மன்னை, 2019 ஜனவரி 22

கமலா அறிவித்துவிட்டார்! மார்ட்டின் லூதர் கிங் தினத்தில். இங்கே டீக்கடையில் இதுதான் பேச்சு.

செம்மண், ஜனவரி 22

வாழ்த்துகள் மன்னை. ஆனால் ஒன்றை இங்கே பதிவு செய்ய வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் அரசு வழக்கறிஞராக இருந்தபோது, பிள்ளைகள் பள்ளிக்கு வராததற்குப் பெற்றோர்மேல் வழக்கு என்ற முறையை முன்னெடுத்தவர் அவர். பிறகு மாநிலம் முழுக்கச் சட்டமாகவும் அதை ஆதரித்தார். ஏழைக் குடும்பங்களைத்தான் அது மிரட்டியது. தமிழ் வேர் என்பதற்காக அதைக் கேட்காமல் விட மாட்டேன்.

மன்னை, ஜனவரி 22

கேளுங்கள், கேட்க வேண்டியதுதான். எங்களுக்கு அவர் சொந்தம் என்பதால் உங்களுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை என்று ஆகாது.

தென்றல், ஜனவரி 23

அதே சான் பிரான்சிஸ்கோவில், 2004ல், காவலர் கொலை வழக்கில் மரண தண்டனை கேட்க மாட்டேன் என்று உறுதியாக நின்றவரும் அவர்தான். மொத்தக் காவல்துறையும் எதிர்த்தது, சொந்தக் கட்சி செனட்டரே எதிர்த்தார். இரண்டையும் சேர்த்தே எடைபோடுங்கள்.

நான் கவனிப்பது வேறொன்று. கறுப்பினத்தவர்களுக்காகத் தொடங்கப்பட்ட ஹவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்தவர், கறுப்பினப் பெண்களின் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா அமைப்பைச் சேர்ந்தவர். வெள்ளிக்கிழமை தென் கரோலினாவின் கொலம்பியாவில் அந்த அமைப்பின் விழாவுக்குத்தான் போகிறார். நாடு முழுக்க ஆசிரியர், செவிலியர், வழக்கறிஞர் என்று பரவியிருக்கும் பெண்கள் அவர்கள். இந்த வலைப்பின்னலை எந்தக் கருத்துக்கணிப்பும் பிடிக்காது. பைடன் வந்தால் அந்த மூத்த பெண்கள் யார் பக்கம் போவார்கள் என்று எனக்கு இப்போது சொல்லத் தெரியவில்லை. அவர்களுக்கே இன்னும் முடிவாகவில்லை, இரண்டு பேரையும் பிடிக்கிறது.

ஏரிக்கரை, ஜனவரி 23

கொலம்பியாவுக்குப் போகட்டும், நல்லது. அங்கிருந்து லார்ட்ஸ்டவுனுக்கும் வரட்டும். மார்ச்சில் அந்த ஆலையின் கடைசிக் கார் வெளியே வரப்போகிறது. இதுவரை அறிவித்த யாராவது அதற்கு முன் அந்த வாசலில் போய் நின்று, ஷிஃப்ட் முடிந்து வரும் ஆட்களிடம் பேசினால் அந்தச் செய்தியை இங்கே போடுங்கள். என் பட்டியலில் அவர் பெயரை முதலில் எழுதுகிறேன், கமலாவாக இருந்தாலும் பெர்னியாக இருந்தாலும்.